இழுத்தாலும் வராத பிஸ்கட் டின்

பிடிவாதக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. தப்பான பாதையில் போனாலும் மற்றவர்களைவிட அதிக தூரம் போய்விடுவார்கள். சாதாரண ஆள் பாதி வழியில் களைத்துத் திரும்பிவிடுவான். நாங்கள் திரும்ப மாட்டோம். (எங்கள் வீட்டில் இதற்கு மன உறுதி என்று பெயர். பக்கத்து லயத்தில் வேறு பெயர் வைத்திருந்தார்கள்.)

என்னுடைய மன உறுதி உச்சத்தில் இருந்த காலம் தொண்ணூறுகளின் கடைசி. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஒபிஸில் எனக்குக் கம்பியூட்டர் வேலை, தற்காலிகமாக. ஏ.எல். முடித்துவிட்டு ஹட்டனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடந்த வகுப்பில் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அந்த வகுப்பில் மழை பெய்தால் கரண்ட் போய்விடும். ஹட்டனில் மழை பெய்யாத நாள் எது என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆகவே என் கம்பியூட்டர் படிப்பில் பெரும்பகுதி கரும்பலகையில்தான் நடந்தது. கீபோர்டைக் காகிதத்தில் வரைந்து வைத்து விரல் பழகினோம்.

அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா கொழுந்து எடுக்கிறவர். நாங்கள் இருந்தது லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பரா, அதாவது ஒற்றை அறை. நான் ஒபிஸுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்பதே அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. மலையில் வேலை வாங்குகிறவரைக் கணக்கப்பிள்ளை என்பார்கள் அல்லவா, அந்தக் கணக்கில் எனக்குக் 'கம்பியூட்டர்புள்ள' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மகேஸ்வரி என்ற சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

நான் சேர்வதற்குக் கொஞ்சம் முன்பு ஒரு பெரிய இடி விழுந்து, ஒபிஸ் கம்பியூட்டரில் இருந்த செக்ரோல் முழுவதும் போய்விட்டதாம். செக்ரோல் என்றால் தோட்டத்தில் யார் யார் எந்தெந்த நாள் வேலைக்கு வந்தார்கள், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார்கள் என்ற கணக்கு. மாதச் சம்பளம் அதிலிருந்துதான் பிறக்கும். அந்த இடிக்குப் பிறகு கம்பனிக்கு ஞானம் வந்து, கொழும்பிலிருந்து ஒரு பெரிய சேர்வர், அதற்குள் ஒரு டேப் டிரைவ், ஒரு பெட்டி நிறைய டேப், தலையணை தடிமனில் ஒரு புத்தகம், ஒரு பேக்கப் மென்பொருள் எல்லாம் அனுப்பி வைத்தார்கள். ஒபிஸ் கம்பியூட்டர், பெக்டரி கம்பியூட்டர் இரண்டிலும் இருப்பதை வயர் வழியாக இழுத்து தினமும் டேப்பில் எழுதி வைக்க வேண்டும். இடி விழுந்தாலும் டேப்பிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

தோட்டத்து மனேஜரான பெரியதொரை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். கொழும்பிலிருந்து நஸார் சேர் என்ற எஞ்சினியர் பிறகு ஒரு நாள் வந்து சோதித்துப் பார்ப்பார். ஒரு பைலை அழித்துவிட்டு டேப்பிலிருந்து திரும்ப எடுத்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் என் வேலை நிரந்தரம். டிஸ்பென்சரிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் குவாட்டர்ஸும் எங்களுக்கு.

அந்தக் குவாட்டர்ஸில் இரண்டு அறை. சமையலறை தனி. வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். சொந்தக் கக்கூஸ். விடியாத குளிரில் வாளியோடு லயத்துப் பொதுப் பீலிக்குப் போய் வரிசையில் நின்று பழகியவர்களுக்குத்தான் வீட்டுக்குள் குழாய் என்றால் என்ன என்று தெரியும். அம்மா மறுநாள் காலையே பீலியில் சொல்லிவிட்டார். பீலியில் சொன்னால் ரேடியோவில் சொன்னதற்குச் சமம். அதோடு விட்டாரா? எங்கள் கோழிக்கூட்டைப் பக்கத்துக் காம்பராவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"அங்க போயி புதுசா ஒரு கூடு அடிச்சுக்குவோம்" என்றார்.

"அம்மா, இன்னும் ஒன்னும் முடிவாகல."

"நீ முடிச்சிருவ. எனக்குத் தெரியாதா?"

கோழிகள் அன்று முதல் எங்கள் கட்டிலுக்கு அடியில் குடியேறின. நான் வேலையை ஆரம்பித்தேன்.

முதல் நாளே மென்பொருள் 'டேப் டிரைவ் எதையும் காணவில்லை' என்றது. நான் அந்த டிரைவின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் அதை வாசித்தேன். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். காணவில்லை. டிரைவைக் கழற்றி மாட்டினேன். காணவில்லை. தலையணைப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். வேறு ஆளாக இருந்தால் கொழும்புக்குப் போன் பண்ணியிருப்பார். நான் கடைசியிலிருந்து முதல் வரைக்கும் படித்தேன்.

பெரிய கிளாக்கர் தன் மேசையிலிருந்து மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து எழுத்து வேலைக்கெல்லாம் தலைவர்.

"என்ன பிள்ளை, உது இன்னும் கண் திறக்கேல்லையோ?"

"திறந்திரும் ஐயா."

"நேற்றும் இதைத்தான் சொன்னனீர்."

கடைசியில் அவரே கொழும்புக்கு லைன் போட்டு ரிசீவரை என் காதில் வைத்தார். நஸார் சேரின் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன். பொறுமையான குரல்.

"தங்கச்சி, டிரைவுக்குப் போற கேபிள்ட கடைசில மூடி மாதிரி சின்னதா ஒண்டு மாட்டணும். டெர்மினேட்டர். மாட்டினீங்களா?"

"அப்படி ஒன்னும் வரலயே சேர்."

"நான்தான் கையால பொட்டியில போட்டன். நல்லாத் தேடுங்க."

தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. என்னவென்று தெரியாத சாமான்களை ஒபிஸில் பிள்ளையார் படத்துக்கு அடியில் வைப்பது வழக்கம். நான்தான் வைத்தேன். அதன்மேல் ஒரு செவ்வரத்தம்பூ வேறு இருந்தது. பூவை எடுத்துவிட்டு மாட்டினேன். டிரைவ் உடனே தெரிந்தது.

அடுத்ததாகப் பெக்டரி கம்பியூட்டர் தெரியவில்லை. நேற்றுவரை தெரிந்தது. இதற்கும் நான் மென்பொருளோடுதான் மல்லுக்கட்டினேன். அனுமதியை மாற்றினேன், கடவுச்சொல்லை மாற்றினேன், கம்பியூட்டரின் பெயரையே மாற்றினேன் (ராசி சரியில்லையோ என்று). பிறகுதான் வயர் வழியே நடந்து பார்க்கலாம் என்று தோன்றியது. ஒபிஸிலிருந்து பெக்டரிக்கு வயர் போனது தேயிலைச் செடிகளுக்கு ஊடாக. பாதி இறக்கத்தில் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. கவ்வாத்து என்றால் தேயிலை மரத்தை இடுப்புக்குக் கீழே கத்தியால் வெட்டிவிடுவது. மரங்களோடு என் வயரும் வெட்டுப்பட்டுக் கிடந்தது. ஒரே வெட்டு, சாய்வாக, மழைத் தண்ணீர் தேங்காத மாதிரி. வெட்டியவர் கைதேர்ந்த கவ்வாத்துக்காரர் என்பதில் சந்தேகமே இல்லை.

"வயருங்களா?" என்றார் அவர். "நான் காஞ்ச கொடின்னுல்ல நெனச்சேன் கம்பியூட்டர்புள்ள."

வயரை ஒட்டுப்போட்டு, இந்த முறை கம்பங்களில் உயரத் தூக்கிக் கட்டினேன். அன்று பின்னேரம் திரையில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் விழுந்தது. 'பேக்கப் வெற்றிகரமாக முடிந்தது.' பெரிய கிளாக்கர் எழுந்து வந்து அதைப் பார்த்துவிட்டு, முனுசாமி கடையில் எனக்கு ஒரு வடையும் பிளேன்டீயும் எடுப்பித்தார். அவர் யாருக்கும் லேசில் வடை எடுப்பிக்கிறவர் இல்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் பனிக்காலம் வந்தது. எங்கள் ஊர்ப் பனி ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்து உட்காரும். சப்பாத்தில் பூஞ்சணம், பைல் மட்டைகளில் பூஞ்சணம், ஒருநாள் டேப்பின் மேலும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. டிரைவ் ஈரம் என்று குறை சொல்லி நின்றுவிட்டது. இந்த முறை நான் உடனே போன் பண்ணினேன். (திருந்திவிட்டேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.)

"டேப்பக் காய்ச்சலான இடத்துல வைங்க தங்கச்சி. அதோட ஒபிஸுக்குள்ளயே வைக்காதீங்க. ஒபிஸ் பத்தினா டேப்பும் சேர்ந்து பத்திரும். வேற கட்டடமா இருக்கணும்."

காய்ந்த இடம், ஆனால் வேறு கட்டடம். இதைத் தோட்டத்துப் பிள்ளையிடம் கேட்டால் தூக்கத்திலும் பதில் சொல்லும். பெக்டரி. மழைக்காலத்தில் கம்பளி காய்வது அங்கே. பிள்ளைத் துணி காய்வது அங்கே. அதிலும் தேயிலை சலிக்கும் அறை இருக்கிறதே, தோட்டம் முழுவதிலும் அதைவிடக் காய்ந்த இடம் கிடையாது. ஈரம் பட்டால் தேயிலை கெட்டுவிடும் என்பதால் அங்கே ஈரத்துக்கே அனுமதி இல்லை. கொழும்பு எஞ்சினியருக்கு இப்படி ஓர் இடம் தோன்றியிருக்குமா என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

டீமேக்கர் ஜயசேன, பெக்டரிக்குப் பொறுப்பானவர். என்னை 'நங்கி' என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி என்று அர்த்தம். விஷயத்தைச் சொன்னதும் சலிக்கும் அறையில் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு தட்டைக் காலி பண்ணிக் கொடுத்தார்.

"இங்க வைங்க நங்கி. தேயிலைக்கே ஈரம் வாறதில்ல, இதுக்கு எங்க வரப் போகுது. கீழ்த்தட்டுல சாக்குல சுத்தி இருக்கிறத மட்டும் தொட வேணாம். பாரம். கால்ல விழுந்தா கால் போயிரும்."

பெரியவர் சொன்னால் கேட்கிற பிள்ளை நான். தொடவில்லை. சாக்குக்குள் என்ன என்றும் கேட்கவில்லை.

தூசி படாமல் இருக்க டேப்புகளை ஒரு தகர பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். தட்டில் வைத்ததும் டின் டக்கென்று உட்கார்ந்துகொண்டது. நகர்த்திப் பார்த்தேன், நகரவில்லை. மறுநாள் எடுக்கப் போனபோது இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பூமியே அதிர்ந்தாலும் என் டேப் கீழே விழாது. பாதுகாப்பு என்றால் இதுவல்லவா பாதுகாப்பு என்று அலமாரியை ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகு என் நாள் இப்படிப் போனது. காலையில் பெக்டரியில் இறங்கி அன்றைய டேப்பை எடுத்து வருவேன். பின்னேரம் பேக்கப் ஓடும். பச்சை சரி விழும். டேப்பைத் திரும்பக் கொண்டுபோய் டின்னில் போட்டு, டின்னை அலமாரியில் ஒட்ட வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். மழையோ, காய்ச்சலோ, அட்டைக்கடியோ, ஒருநாள் தவறியதில்லை.

ஒன்று மட்டும் புதிதாக நடந்தது. காலையில் டேப்பைப் போட்டதும் மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். 'இந்த டேப்பை அடையாளம் தெரியவில்லை. புதிதாக எழுதட்டுமா?' நான் 'ஆம்' என்பேன். மறுநாள் அடுத்த டேப்பைப் போட்டால் அதே கேள்வி. மறுபடி 'ஆம்'. முன்பே எழுதிய டேப்பை ஏன் இன்றைக்கு அடையாளம் தெரியவில்லை என்று ஒரு சாதாரண மூளைக்குத் தோன்றியிருக்கும். எனக்கோ, எதைச் செய்வதற்கு முன்னும் அனுமதி கேட்கிறதே, என்ன ஒரு பணிவான மென்பொருள் என்றுதான் தோன்றியது. ஒருநாள் பெரிய கிளாக்கரிடம் அதைப் பாராட்டியே பேசினேன்.

"ஒவ்வொரு நாளும் கேட்டுட்டுத்தான் ஐயா எழுதுது."

"நல்ல வளர்ப்புப் போல கிடக்கு" என்றார் அவர்.

நஸார் சேர் ஒரு மாதக் கடைசியில் வந்தார். சம்பளத்துக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. குரலைப் போலவே ஆளும் பொறுமையானவர். காலையில் அம்மா என் தலையில் எண்ணெய் வைத்து, திருநீறு பூசி, "வரும்போது சாவியோட வா" என்று அனுப்பியிருந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து சேவல் கூவியது.

சேர் சேர்வரைப் பார்த்தார், வயர் கட்டியிருந்த விதத்தைப் பார்த்தார், பச்சை சரிகளின் நீண்ட வரிசையைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது.

"ஒருநாளும் விடல்ல போலயே. சரி தங்கச்சி, ஏதாவது ஒரு சின்ன பைல அழிங்க. திருப்பி எடுத்துப் பார்ப்பம்."

இந்த இடத்தில்தான் என் குடும்பத்து மன உறுதி விழித்துக்கொண்டது.

"ஏன் சேர் சின்னதா? இந்த மாசத்து செக்ரோலையே அழிப்போம்."

பெரிய கிளாக்கர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "பிள்ளை, உது வேண்டாம்."

"பயப்படாதீங்க ஐயா. டேப்ல பத்திரமா இருக்கு."

"தங்கச்சி, சின்னது ஒண்டு போதும்" என்றார் நஸார் சேரும்.

பெரியதொரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கும்போது சின்ன பைலை அழிப்பதற்கா நான் இவ்வளவு பாடுபட்டேன்? அழித்தேன். அழித்தது கம்பியூட்டரின் குப்பைத் தொட்டிக்குள் போய்க் கிடக்கும் என்று ஞாபகம் வந்து, அதையும் காலி பண்ணினேன். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"இப்ப டேப் எங்க இருக்கு?" என்று கேட்டார் சேர், குரல் கொஞ்சம் இறங்கி.

"பெக்டரியில சேர். நீங்க சொன்ன மாதிரியே வேற கட்டடம், நல்ல காய்ச்சலான இடம்."

அவருக்கு உயிர் வந்தது. பெரியதொரை, அப்படியானால் பெக்டரியையும் சுற்றிப் பார்த்துவிடலாமே என்றார். நாங்கள் மூவரும் இறங்கிப் போனோம். பெரிய கிளாக்கர் மட்டும் வரவில்லை. பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் போல சேர்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கொழும்பு விருந்தாளி வந்தால் ஜயசேன ஐயாவுக்குக் கொண்டாட்டம். கொழுந்து வாடும் மாடி, அரைக்கும் மெசின், அடுப்பு எல்லாவற்றையும் காட்டிக் கடைசியாகச் சலிக்கும் அறைக்குக் கூட்டி வந்தார். தேயிலை ஓடும் பட்டிக்கு மேலே தொங்கிய ஓர் இரும்புச் சட்டத்தைக் காட்டினார்.

"இது காந்தம் சேர். மெசின்ல இருந்து ஆணி, இரும்புத்தூள் ஏதும் தேயிலையில விழுந்தா இது புடிச்சிரும். ஊசி கூடத் தப்பாது. புதுசு இன்னும் பவர். இருங்க காட்டுறன்."

அப்படிச் சொல்லி அலமாரியைத் திறந்து, குனிந்து, கீழ்த்தட்டில் இருந்த சாக்கை விலக்கினார். உள்ளே காந்தச் சட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. சட்டைப் பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்து நீட்டினார். ஆணி அவர் கையிலிருந்து பறந்து போய் ஒட்டிக்கொண்டது. பெரியதொரை மெச்சினார். நஸார் சேரும் சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தார். நிமிரும்போது மேல்தட்டில் இருந்த பிஸ்கட் டின் அவர் கண்ணில் பட்டது.

"இந்த டின்ல என்ன?"

"அதா? மகேஸ் நங்கிட டேப்" என்றார் ஜயசேன ஐயா பெருமையாக. "இங்கதான் வைக்கிறது, ஒவ்வொரு நாளும்."

சேரின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. கையை நீட்டி டின்னை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அலமாரியே ஒரு ஆட்டம் ஆடியது, டின் வரவில்லை.

"பூட்டியிருக்கிறதா?" என்று கேட்டார் பெரியதொரை.

"இல்ல தொரை" என்றார் ஜயசேன ஐயா. "நங்கி வச்சா அசையாது."

டேப்பில் எழுத்து நிற்பதே காந்தத்தால்தான், காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அழிந்துவிடும் என்பது ஓ.எல். விஞ்ஞானப் பாடம். எனக்கு அந்தப் பாடத்தில் டி, அதாவது டிஸ்டிங்ஷன். அந்த டி எடுத்த மூளை இத்தனை மாதம் எங்கே போயிருந்ததோ, அந்த நிமிடத்தில் வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்டது. பின்னேரம் எழுதி, இரவெல்லாம் அழிய வைத்து, காலையில் 'புதிதாக எழுதட்டுமா' என்று அது கேட்டபோதெல்லாம் ஆம் ஆம் என்று சொல்லியிருக்கிறேன். அது பணிவாகக் கேட்கவில்லை. கதறியிருக்கிறது.

ஆனாலும் நான் விடவில்லை. ஏதாவது ஒன்று தப்பியிருக்கும் என்று எல்லா டேப்பையும் ஒபிஸுக்கு அள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வி வந்தது. முதல் தடவையாக அதற்கு 'இல்லை' என்று பதில் சொன்னேன்.

பெரியதொரை எழுந்து பங்களாவுக்குப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். செக்ரோல் இல்லாவிட்டால் தோட்டத்துக்கே சம்பளம் தள்ளிப்போகும். யார் மகளால் என்று பீலியில் பேசுவார்கள். குவாட்டர்ஸ் போச்சு. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். வெட்கத்தைவிட, அம்மாவிடம் என்ன சொல்வது என்ற பயம்தான் அதிகம்.

"அழாதையும் பிள்ளை" என்றார் பெரிய கிளாக்கர். "கணக்கப்பிள்ளைமாரிட்டை அவையின்ரை துண்டுகள் இருக்கும். காலமை பெரட்டிலை பேர் கூப்பிட்டுப் பதிஞ்சதுகள். திரும்ப அடிக்கலாம். ஆனா சம்பளத்துக்கு முன்னம் முடியுமோ எண்டதுதான்."

கண்ணைத் துடைத்தேன். "முடியும் ஐயா."

நஸார் சேர் அன்று பின்னேர ரயிலுக்கு ஹட்டன் போக வேண்டியவர், போகவில்லை. தங்கிவிட்டார். துண்டுகள் சாக்குப் பையில் வந்தன. சில மழையில் நனைந்து ஊறியவை, சில வெற்றிலைக் கறையோடு. சேர் வாசிக்க நான் அடித்தேன். அவர் திணறியது பெயர்களில்தான்.

"முத்தம்மா. திரும்பவும் முத்தம்மா. இது ஒரே ஆளா?"

"இல்ல சேர். ஒன்னு மேல்லயத்து முத்தம்மா, இன்னொன்னு மூக்குத்தி முத்தம்மா."

"இதோ இன்னொண்டு."

"அது இன்னொரு மூக்குத்தி முத்தம்மா, மூக்குத்திய அடகு வச்சவ. அதுக்கப்புறம் பேர மாத்தல."

விஷயம் எப்படியோ பரவிவிட்டது. வேலை விட்டுப் போகிறவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "கம்பியூட்டர்புள்ள, எம் பேரு ஏறிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நையாண்டிதான். ஆனால் யாரும் ஏசவில்லை. ஏறிருச்சு அக்கா, ஏறிருச்சு மாமா என்று பதில் சொல்லிக்கொண்டே அடித்தேன். விரல் நகக்கண்ணெல்லாம் வலி. காகிதக் கீபோர்டில் பழகியபோது இது தெரியவே இல்லை.

அம்மாவிடம் நானே சொன்னேன். முழுவதையும் கேட்டார். காந்தம் என்றால் என்ன என்று கேட்கவில்லை, குவாட்டர்ஸ் கிடைக்குமா என்றும் கேட்கவில்லை.

"குடுத்த கோழிக்கூட்டத் திருப்பிக் கேக்க மாட்டேன்" என்றார். "நீ எப்ப வாங்கித் தர்றியோ அப்ப போவோம். அது வரைக்கும் கோழி கட்டிலுக்கடியிலயே கெடக்கட்டும்."

சம்பளம் உரிய நாளில் கொடுபட்டது. நஸார் சேர் தன் அறிக்கையில் மென்பொருள் சரி, டிரைவ் சரி, வயர் சரி, டேப் வைத்த இடம் மட்டும் சரியில்லை என்று எழுதி, இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று பெரியதொரையிடம் எனக்காகப் பேசிவிட்டுப் போனார். டேப்புகள் டிஸ்பென்சரி அலமாரிக்குப் போயின. போவதற்கு முன் ஒரு ஆணியை நூலில் கட்டித் தொங்கவிட்டு அந்த அலமாரியின் மூலைமுடுக்கெல்லாம் சோதித்தேன். மருந்து வாங்க வந்தவர்கள் நான் மந்திரிக்கிறேன் என்று நினைத்தார்கள். வாரம் தவறாமல் ஒரு வேண்டாத பைலை அழித்து, டேப்பிலிருந்து திரும்ப எடுத்துத் திறந்து பார்த்த பிறகுதான் சோறு இறங்கும்.

சேர் மறுபடி வந்தபோது, "எந்த பைல அழிப்பம்?" என்று கேட்டார்.

"சின்னதா ஒன்னு சேர்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பெரிய கிளாக்கரும் சேர்ந்துகொண்டார். பைல் திரும்பி வந்தது. திறந்தோம், உள்ளே எல்லாம் இருந்தது.

அன்று பின்னேரமே பெரியதொரை அம்மாவை ஒபிஸுக்கு வரச் சொன்னார். அம்மா நல்ல சேலை உடுத்தி வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பெரியதொரை குவாட்டர்ஸ் சாவியை அவர் கையில் கொடுத்தார்.

"தொரைக்குக் கும்பிட்டு நன்றி சொல்லுங்கோ அம்மா" என்றார் பெரிய கிளாக்கர்.

அம்மா சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தொரையிடம் நிதானமாகச் சொன்னார்.

"தொறந்து பாத்துட்டு வந்து கும்புடுறேங்க தொரை."

பெரிய கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். என் தலை தானாகக் குனிந்தது. தோட்டத்தில் யாரும் தொரையிடம் அப்படிப் பேசியதில்லை. அம்மா எதையும் கவனிக்காமல் இறங்கி நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். என்னவோ ஏதோ என்று பெரிய கிளாக்கர் குடையோடு வந்தார். நஸார் சேரும் வந்தார்.

அம்மா சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பினார். திரும்பவில்லை. நான் திருப்பினேன். சேர் திருப்பினார். பெரிய கிளாக்கர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உது உர ஸ்டோர் சாவியல்லோ" என்றார்.

எல்லோரும் மழையில் நனைந்தபடி ஒபிஸுக்குத் திரும்பினோம். பெரியதொரை அந்தச் சாவியை வாங்கிப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, மேசை லாச்சியைத் தானே இழுத்து, சரியான சாவியைத் தேடி எடுத்தார். அம்மா மறுபடி இறங்கிப் போய்க் கதவைத் திறந்து, உள்ளே போய்க் குழாயைத் திருகி, தண்ணீர் விழுவதைக் கையில் ஏந்திப் பார்த்தார். அந்த ஈரக் கையோடேயே ஒபிஸ் வரைக்கும் திரும்ப ஏறி வந்தார்.

"தண்ணி வருதுங்க தொரை" என்று சொல்லிவிட்டுத்தான் கும்பிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'தொறந்து பாத்துட்டுக் கும்புடு' என்பது சட்டமாகிவிட்டது. என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பூண்டுலோயாவிலிருந்து தாலிப்பெட்டியோடு வேனில் வந்து இறங்கியபோது, ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா அந்தப் பெட்டியை வாசலிலேயே திறந்து காட்டச் சொல்லிவிட்டார். தாலி உள்ளேதான் இருந்தது. சம்பந்தி அம்மாவின் முகம்தான் கொஞ்ச நேரம் சரியில்லை. அதற்குச் சமாதானமாக அம்மா, பிஸ்கட் டின் கதை முழுவதையும் மணவறைக்குப் பக்கத்தில் வைத்தே எல்லோருக்கும் சொல்லி முடித்தார். என் கணவர் இன்றுவரை எனக்கு எது வாங்கி வந்தாலும், பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கையில் தருகிறார்.